மணல்பையோடு அரை மணி நேரம்

முதலில் இடுப்பு, அப்புறம் தோள், அப்புறம் நெஞ்சு, கடைசியாகக் காதுக்குப் பக்கத்தில் தொங்கும் சின்ன வார்கள் இரண்டும், இந்த வரிசையில்தான் முதுகுப்பையை இறுக்க வேண்டும், மாற்றி இறுக்கினால் கனம் முழுக்கத் தோளில் ஏறிக்கொள்ளும் என்று ஃபௌசியா சொன்னாள், நானும் அதே வரிசையில் இறுக்கிக்கொண்டுதான் நடக்க ஆரம்பித்தேன், ஆனாலும் தோளில்தான் ஏறியிருக்கிறது, என்ன செய்ய. ஃபௌசியா இந்தக் கடைக்காரி. மலை ஏறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று மதுரையில் இருக்கிறது, அதுவும் பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என்பது போன மாதம் வரை எனக்குத் தெரியாது. பையை என் முதுகில் மாட்டிவிட்டு, உள்ளே சின்னச் சின்னத் துணிப்பைகளில் கட்டிய மணலைப் போட்டு, மொத்தம் ஒன்பது கிலோ, "அரை மணி நேரம் கடைக்குள்ளயே நடங்கம்மா, எறக்காம நடங்க, சேருமா சேராதான்னு ஒங்க ஒடம்பே சொல்லீரும்" என்று சொல்லிவிட்டு அவள் கல்லாவுக்குப் போய்விட்டாள். ஒரு பக்கம் குளிர்ச் சட்டைகள் தொங்குகின்றன, மறு பக்கம் பூட்ஸ் அடுக்கியிருக்கிறது, நடுவில் நான் நடக்க ஒரு பாதை, அந்தக் கோடியில் ஆளுயரக் கண்ணாடி, இந்தக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் என் வீட்டுக்காரர். கண்ணாடிக்குப் போகிறேன், நாற்காலிக்கு வருகிறேன், மறுபடி கண்ணாடிக்கு. ஃபௌசியாவுக்குத் தெரியாத, அவருக்கும் தெரியாத ஒன்றை நான் மனதுக்குள் முடிந்து வைத்திருக்கிறேன். இந்த அரை மணியும் பையை இறக்காமல் நடந்துவிட்டால் நான் மலைக்குப் போகிறேன். நடுவில் இறக்கினால் போகவில்லை, கூட்டிப்போகிற டூர்க்காரனுக்கு ஒரு போன் போட்டு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, வெள்ளையா சிவப்பா என்று, அந்த மாதிரிதான். சாமி முன்னால் வைத்துக் கேட்காமல் டயர் கடை மாடியில் கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபது வயதுக்காரி கேட்கிற கேள்வியா இது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வடக்கே, உத்தரகாண்டில், ஒரு வாரம் நடை. கோவேறு கழுதை பாதி வழி வரை சாமான் சுமக்கும், அதற்கு மேல் பாதை குறுகலாம், கழுதை வராதாம், அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டுமாம். இரண்டு பேரும் போவதாகத்தான் இருந்தது. அவருக்கு முழங்கால் வீங்கிக்கொண்டதும் டாக்டர் மாடிப்படியே வேண்டாம் என்றார், மலையாவது ஒன்றாவது. சரி, விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது, "ஏன் விடணும், நீ போ" என்று சொன்னார், காப்பியைக் கீழே வைக்காமல், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் குரலைத்தான் நான் ஒன்றரை மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மனசோடு சொன்னாரா, சொல்ல வேண்டுமே என்று சொன்னாரா. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முப்பது வருஷம் சோதனைக்கூடத்தில் பார்த்தவள் நான், ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டால் தெரிந்துவிடும், மனுஷன் பேச்சில் எதை மிதக்கவிடுவது. நாற்காலி வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்க்கிறார். திரும்புகிறேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வராத ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, பனியோ பூவோ எனக்குப் பெரிதில்லை. இத்தனை வருஷத்தில் எங்கே நடந்தாலும் வந்த வழியே திரும்பியிருக்கிறேன், வேலைக்கு, மார்க்கெட்டுக்கு, வண்டியூர்க் கண்மாய்க் கரையில் காலை நடைக்கு, எல்லாம் போய்விட்டு வருகிற நடை. காலையில் ஓரிடத்தில் எழுந்து நடந்து, இரவு வேறிடத்தில் படுப்பது, மறுநாள் அங்கிருந்து இன்னும் மேலே, பின்னால் விட்டதைப் பின்னாலேயே விட்டுவிட்டு. இதைச் சொன்னால் வீட்டை விட்டு ஓடுகிறவள் பேச்சு மாதிரி இருக்கும், அதனால் பூ, பனி என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐம்பது லிட்டர் பையாம். பையை லிட்டரில் அளப்பார்கள் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பால் வேண்டுமானால் அளக்கலாம், இதை யார் எதை ஊற்றி அளந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும், அப்படியானால் மூன்று குடத்துக்கு மேல். அவர் எழுபது லிட்டரில் ஒன்றைத் தூக்கி வந்து, "இதுல எத்தன அறை இருக்கு பாரு" என்று ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து காட்டினார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், அடுத்தவன் மூட்டையை எடை போட்டு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கச் சொன்னவர், பை என்றால் அவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா. ஒரு மாதமாகப் போனில் பை வீடியோவாகப் பார்க்கிறார், இங்கிலீஷில் ஓடுகிறது, பாதி புரியாது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். ஃபௌசியா மரியாதையாகத்தான் சொன்னாள், பெரிய பை வாங்கினால் பெரிய பையை ரொப்பத் தோன்றும், அம்மாதான் சுமக்கணும் என்று. அவர் உடனே எழுபதைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே மாட்டினார், நான் சொல்லியிருந்தால் ஒரு வாரம் வாதாடியிருப்பார். முதலில் போட்டுப் பார்த்தது ஆம்பிளைப் பை, நிமிர்ந்தால் பின்மண்டையில் இடித்தது. அப்புறம் அவள் டெய்லர் மாதிரி டேப்பை எடுத்து, தலையைக் குனியச் சொல்லி, பிடரியில் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தாள். இடுப்பெலும்பைத் தொட்டுக் காட்டி, இதுக்கு மேலதான் இடுப்புப் பட்டை உக்காரணும், வயித்துல இல்ல என்றாள். ஜாக்கெட் தைக்கிறவரைத் தவிர, ஆஸ்பத்திரியைத் தவிர, யாரும் என்னை அளந்ததில்லை. அளந்தது எனக்குப் பிடித்திருந்தது, சொல்லவா, ரொம்பப் பிடித்திருந்தது. அந்த அளவுக்கு ஏற்றபடி முதுகுப் பலகையை ஏற்றி இறக்கி வைத்துத் தந்த பை இது, பச்சை நிறம், நீலமும் இருந்தது, பச்சை போதும். நடக்கிற உடுப்பிலேயே வரச் சொன்னதால் மகள் நிவேதா விட்டுப்போன டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மாடிப்படியில் அவர் என்னைவிட நாலு படி முன்னாலேயே ஏறினார், முழங்கால் வலிக்கிறவருக்கு என்ன அவசரமோ. கூச்சம்தான். எனக்கும்தான். கண்ணாடி வந்துவிட்டது, உள்ளே ஒரு பை நடந்து வருகிறது, அதற்குக் கால் நான்.

வலது தோள் எரிகிறது. எரியட்டும் என்று நடக்கிறேன். கட்டை விரலை வாருக்குள் விட்டுத் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் சுகமாக இருக்கிறது, அப்படிப் பிடிப்பது ஏமாற்று ஆகுமா, இறக்காமல் நடப்பதுதானே முடிந்து வைத்தது, பிடிக்கக் கூடாது என்று முடிந்து வைக்கவில்லையே. எனக்கே நான் சட்டம் பேசுகிறேன். தோள் இப்படி எரிந்தால் அங்கே ஒரு நாள் முழுக்க எப்படி, ஈரச் சாக்ஸோடு எப்படி, ராத்திரி கூடாரத்தை விட்டு வெளியே போக வேண்டியிருந்தால் எப்படி, இதெல்லாம் பயமே இல்லை, பயம் மாதிரி மேலே போட்டு மூடியிருக்கும் போர்வை. உள்ளே இருக்கிற பயம் ஒன்றே ஒன்று. அவருக்குச் சர்க்கரை. போன ஆவணியில் ஒரு விடியற்காலை, குளியலறைக் கதவுக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூப்பிட்டால் பதில் இல்லை, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, சர்க்கரை இறங்கிவிட்டது. நான் டம்ளரில் ஜீனியைக் கரைக்கிறேன், அவசரத்தில் ஜீனி பாதி தரையில். குடித்துக் கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "எதுக்கு இப்படி ஜீனியக் கொட்டி வச்சிருக்க, எறும்பு வராதா" என்று கேட்டார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு வாரத்தில் அது நடந்தால். பக்கத்து வீட்டு லூர்து காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், நிவேதா புனேயிலிருந்து மூன்று வேளையும் போன் பண்ணுவாள், அவர் நான் என்ன கைக்குழந்தையா என்று கேட்கிறார். எல்லாம் சரி. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது போனை யார் எடுப்பது. நாற்காலி. திரும்பு. ஒன்று கேட்டுக்கொள்கிறேன் என்னையே, இந்தத் தோள் வலிக்கிறதே, இது வலிக்கட்டும் என்று நான் காத்திருக்கிறேனா. பை சேரவில்லை, உடம்பே சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிடலாம் என்றுதான் இந்தப் பூக்கட்டலா. இறக்கினால் பழி பை மேல், எனக்கு ஒன்றும் இல்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று கோபம் வந்தது, வந்த கோபத்தில் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் ஃபௌசியா. கல்லாவிலிருந்து எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள். மலையெல்லாம் ஏறுகிற பெண், முப்பது வயது இருக்கும், தலையில் சுற்றிய துணியைக்கூட வார் இறுக்குவது மாதிரி சரியாக இறுக்கியிருக்கிறாள். "ஏம்மா எடப்பக்கம் இடுப்ப ஒடிச்சு நிக்கிறீங்க? யாரையாச்சும் தூக்கி வச்சிருக்கீங்களா?" நான் கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம். இடது இடுப்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பட்டை இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் ஏற்ற இறக்கமாக நிற்கிறது. அதனால்தான் வலது தோள் எரிந்திருக்கிறது. இப்படியா நான் நடக்கிறேன், எத்தனை வருஷமாக. செல்லூரில் மாடி வீட்டில் குடியிருந்தபோது தெருக்குழாயிலிருந்து இருபத்து மூன்று படி, குடம் இடது இடுப்பில், வலது கை சேலையைத் தூக்கிப் பிடிக்க. நிவேதா பிறந்தாள், அவளும் இடது இடுப்பில், வலது கை கரண்டிக்கு, கதவுப் பூட்டுக்கு, பஸ் கம்பிக்கு. மாமியார் படுத்திருந்த இரண்டு வருஷமும் அவரைத் தூக்கி உட்கார வைக்க இந்த இடுப்பைத்தான் முட்டுக் கொடுத்தேன். ஆவணியில் இவரைச் சுவரிலிருந்து பிரித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனதும் இதே இடுப்பால். குடம் போய் மோட்டார் வந்தது, பிள்ளை இறங்கி புனே போனாள், மாமியாரும் போய்ச் சேர்ந்தார், இடுப்பு மட்டும் யாராவது ஏறட்டும் என்று நீட்டியபடியே நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, சிரித்துவிட்டேன். ஃபௌசியா பட்டையை அவிழ்க்காமல் தளர்த்தினாள், என் இரண்டு இடுப்பெலும்பையும் தொட்டு, ரெண்டு காலையும் சமமா ஊனுங்கம்மா என்றாள். ஊன்றினேன். விழுந்துவிடுவேன் போல இருந்தது. நேராக நின்றால் வலது பக்கத்திலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் நேராகத்தான் நிற்கிறேன், உள்ளுக்குள் கோணல். "கோணலா இருக்கேம்மா" என்றேன். "அதுதான் நேர்" என்று சொல்லிவிட்டுப் பட்டையை இறுக்கிவிட்டாள்.

கோணலாகவே நடக்கிறேன், அதாவது நேராக. முதல் நடை கால் பின்னியது. இரண்டாவது நடையில் என்னவோ நடந்தது, கனம் சரசரவென்று இறங்கி இரண்டு பக்கமும் இடுப்பில் உட்கார்ந்துகொண்டது, தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவில் விரல் நுழைகிறது. மணல் அதே மணல், ஒன்பது கிலோ அதே ஒன்பது கிலோ. கை இரண்டும் சும்மா தொங்குகின்றன, இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது எனக்குப் புதுசு, வீசிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. டயர் கடையிலிருந்து ரப்பர் வாசனை படியேறி வருகிறது, மின்விசிறி குளிர்ச் சட்டைகளை ஆட்டுகிறது, வெளியே மதுரை வெயில் கொளுத்துகிறது, நான் உள்ளே பனிமலைக்கு நடக்கிறேன். அடியில் உள்ளே புகுந்து தூங்குகிற தூக்கப்பை, முதுகை ஒட்டி நடுவில் கனமான சாமான், மேலே மழைக்கோட்டு, இந்த அடுக்குமுறையை அவர் எனக்கு மூன்று முறை பாடம் எடுத்தாகிவிட்டது, பருப்புப்பொடியை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் தகராறு. அது இல்லாமல் வடக்கே போய் என்னத்தைத் தின்பது. அப்படியானால் நான் போகிறேனா. பை சேர்ந்துவிட்டதே, தோள் வலிக்கவில்லையே. இனிப் பழி போட ஆள் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம், முடிந்துவிட்டால் முடிவாகிவிடும். நாற்காலிக்கு வந்தபோது அவர், "நில்லு, பின்னால ஜிப்பு தொறந்து கெடக்கு" என்று எழுந்தார். நின்றேன். முதுகுக்குப் பின்னால் என்னவோ செய்தார், நேரம் எடுத்துக்கொண்டார், ஜிப் இழுபடும் சத்தம். "ம், நட" என்றார். நடந்தேன்.

இரண்டு எட்டு வைத்ததுமே பின்னால் பிடித்து இழுக்கிறது. பையின் மேல் காதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார் போல. பஸ்ஸில் ஏறும்போது அப்படித்தான், என் கையில் எது இருந்தாலும் பின்னாலிருந்து ஒரு கை பிடித்திருக்கும், அது எனக்குப் பழக்கம். ஆனால் இது தூக்கிப் பிடிக்கிற மாதிரி இல்லை, இழுக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு உள்ளே சுருக்கென்றது. காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் நீ போ என்றவர் இதோ பின்னால் பிடித்திருக்கிறார், வாயால் சொல்ல வராதது கையில் வருகிறது. நின்று திரும்பி, சரி, நான் போகவில்லை என்று சொல்லிவிடலாமா. சொன்னால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் நாலைந்து எட்டு. இழுப்பு விடவில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவர் மேல் பாசமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில். திரும்பாமலே சொன்னேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"விடுங்க. நான் பாத்துக்கிறேன், விடுங்க."

"எத விடச் சொல்ற?"

குரல் தூரத்திலிருந்து வந்தது. திரும்பினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் முழங்கால் மேல். எனக்கும் அவருக்கும் நடுவில் பாதிக் கடை இருந்தது, பூட்ஸ் வரிசை, யாருமில்லாத பாதை. நான் நின்ற நிலையைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"என் தண்ணி பாட்டில் ரெண்டையும் உள்ள வச்சேன்" என்றார். "அந்தப் பிள்ள மணல மட்டும்தான் போட்டுச்சு. அங்க ஒனக்கு யாரு தண்ணி தூக்கியாருவா? பாதி லோட ஏத்தி ஓட்டிப் பாத்துட்டு வண்டி நல்லாருக்குன்னு சொன்னா நான் ஒத்துக்குவேனா?"

ஃபௌசியா கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு நின்றேன். நாற்காலிக்குத் திரும்பி நடந்தேன், கிட்டப் போய், இத்தனை நாளும் வாயில் வராத ஒன்றை, குளியலறைச் சுவரைப் பார்த்தபடியே கேட்கிற மாதிரி கேட்டேன், நான் இல்லாதபோது சர்க்கரை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று. சட்டைப்பையிலிருந்து நாலு எலுமிச்சை மிட்டாயை எடுத்துக் காட்டினார், கட்டில் தலைமாட்டில் இருக்கிறது, குளியலறை ஜன்னலில் ஒரு டப்பா இருக்கிறது, லூர்துவிடம் சாவி கொடுத்தாகிவிட்டது, நான் ஒன்றும் செத்துவிட மாட்டேன் என்றார். இதையெல்லாம் எப்போது செய்தார். பை வீடியோ பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதா.

"அப்ப நான் இல்லாம ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன், சும்மா.

அவர் மிட்டாயைச் சட்டைப்பைக்குள் திருப்பிப் போட்டார். "ஒன்னத் தேடத்தான் செய்யும். தேடட்டும். நீ போயிட்டு வா, மரகதம்."

இந்தத் தடவை கையில் பேப்பர் இல்லை, காப்பி இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான், வேறு ஒன்றும் இல்லை. பாரமாக இருந்தால் பாட்டிலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஃபௌசியா கடிகாரத்தைப் பார்த்து, "அர மணி எப்பவோ ஆயிருச்சும்மா, எறக்கிருங்க" என்றாள்.

காதில் விழாதவள் மாதிரி இன்னொரு சுற்று நடந்தேன்.